நாற்பத்தொன்பது புள்ளி இரண்டு

இரவில் இந்த மேட்டில் நின்றால்
கீழே அணைக்கட்டு, அதற்கும் அப்பால் வேலூர்,
கொட்டிப்போன துவரம்பருப்பாக விளக்குகள்.
அங்கே ஒரு மேகம் யாரையும் ஒன்றும் செய்யாது.
எங்கெங்கோ அணையடியில், அனல் நிலையத்தில்
ஒரே கதியில் சுழலும் இரும்பெல்லாம் சேர்ந்து
அதைத் தாங்கிக்கொள்ளும்.

எங்கள் கம்பி மலை இறங்குவதில்லை.
புங்கங்கொல்லையில் நூற்றுப் பதினோரு வீடு,
ஒரு பள்ளிக்கூடம்,
எஸ்தர் நர்ஸின் தடுப்பூசிப் பெட்டி,
தீர்த்தகிரியின் சாமை மில்.
கூரைமேல் தகடுகள், உள்ளே பேட்டரி,
மூலையில் டீசல் எஞ்சின்.
கூப்பிட்டுப் பன்னிரண்டு விநாடி கழித்துத்தான் எழும்,
என் தம்பியைப் போல.

ஐம்பதில் நிற்க வேண்டும் முள்.
நான் நாற்காலியில் இருப்பது அதற்காகத்தான்.

வெயிலுக்கு எடை இல்லை.
இது புரிய எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று.
ஓடும் வண்டியில் பிரேக் போட்டாலும்
கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போய்த்தான் நிற்கும்.
வெயில் போனால் போனதுதான்.

ஐப்பசி. அறுப்பு முடிந்து மூட்டைகள் வரிசையில்.
தீர்த்தகிரி மோட்டாரைப் போட்டால்
பள்ளிக்கூடத்து விசிறி ஒரு கணம் தயங்கும்.
கூரையில் சிவப்புத் துணி கட்டினால்
மில் நிற்க வேண்டும் என்பது பேச்சு.
மூன்று முறை கட்டினேன். நான்காம் முறை ஏறி வந்தான்.
"இன்னாம்மா, வெயிலு உங்க ஊட்டுதா?"

அன்று நான் பதில் சொல்லவில்லை.
மறுநாள் துணி கட்டுவதற்குள் மேகம் வந்துவிட்டது.
முப்பத்தெட்டு கிலோவாட் பதினொன்றாயிற்று.
முள் இறங்கியது: நாற்பத்தொன்பது புள்ளி எட்டு, ஐந்து, இரண்டு.
நாற்பத்தெட்டு புள்ளி எட்டில் ரிலே வெட்டிவிடும்.
முதலில் போவது மேலத்தெரு. என் வீடு இருக்கும் தெரு.
நானே போட்ட வரிசை அது.

வெட்டவில்லை.
எஞ்சின் இருமி எழுந்தது.

சாயந்திரம் கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
மில் நின்றிருந்த நாட்களில் அது
கிணற்றில் விழுந்த வாளி.
மில் ஓடிய அன்று மட்டும் சரிவு, படி படியாக.
எண்பது கிலோ இரும்புச் சக்கரம்
தான் வாங்கிய சுழற்சியைக்
கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறது,
கேட்காமலே.

இறங்கிப் போனேன்.
"காலையிலேயே போட்டுடு. அப்புறம் நிறுத்தாதே."
"சாமை தீர்ந்துட்டா?"
"சும்மா ஓடட்டும்."
"சும்மாவா? கரண்டு காசு?"
"நிலையத்துக் கணக்கு."
தவிட்டுக் கையால் தலையைச் சொறிந்தான்.
இத்தனை நாள் நிறுத்து நிறுத்து என்றவள்.

பதிவேட்டில் இன்று:
பகல் 11.52. மேகம். 49.4. எல்லாத் தெருவும் இருந்தது.
காரணம் என்ற கட்டத்தில்
பேட்டரி என்று எழுதினேன். அது பாதி உண்மை.
பக்கத்தில், கட்டத்துக்கு வெளியே போய்:
காலி மில்.