இரண்டு விரற்கடை

எஸ்டர்சுந்தில் ஆகஸ்ட் கடைசி. ஏரி மேல் மழை
வரலாமா வேண்டாமா என்று நிற்கிறது.
வேட்டைக்கு இன்னும் ஒன்பது நாள்.
பச்சைக் கம்பளி விரித்த மேசையில்
கடைக்காரர் ஸ்டிக் அதைப் பிரித்துக் காட்டுகிறார்:
இரண்டு திருகு, ஒரு சாவி, அரை நிமிஷம்.
குழல் கையோடு வந்துவிடுகிறது,
காம்பை விட்ட முருங்கைக்காய் போல.

"தடித்தது எல்க் மானுக்கு. மெல்லியது சின்ன மானுக்கு.
எத்தனை தடவை மாட்டினாலும் குறி மயிரிழை நகராது."
யால்மார் தலையசைக்கிறான்.
அவனுக்கு ஒரு குழல், எனக்கு ஒன்று,
இரும்பு அலமாரியில் ஓரிடம் போதும்.
கூரை மாற்றிய கடன் வேறு இருக்கிறது.
கணக்கு சரிதான்.

எடுத்துத் தோளில் வைக்கிறேன்.
எதிர்ச்சுவரில் தொங்கும் கொம்புகள் தெரியவில்லை.
கண்ணாடிக்குள் கறுப்பு, ஓரத்தில் ஒரு பிறை வெளிச்சம்.
கொக்கு மாதிரி கழுத்தை நீட்டுகிறேன்.
மெல்லிய குழலை மாட்டித் தருகிறார்.
அதே பிறை.

மாறுவதெல்லாம் மானைப் பார்த்த பக்கம்.
என்னைத் தொடும் பக்கம்
யால்மாரின் கை நீளத்துக்கு அறுத்த வால்நட் மரம்.

போன வருஷம் அவன் துப்பாக்கியில்
நான் தவறவிட்ட பெண்மான்.
தவறவிடவில்லை. பின்னங்காலில் பட்டது.
நாயோடு இருட்டும்வரை தேடினோம்.
விரல் நடுங்கிவிட்டது என்றார்கள்.
நானும் அப்படித்தான் சொன்னேன்.

"இந்தக் கட்டையில் இரண்டு விரற்கடை
அறுக்க என்ன கூலி?"

ஸ்டிக் யால்மாரைப் பார்க்கிறார்.
யால்மார் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்க்கிறான்.
பின்பக்கம் ஒன்றும் எழுதவில்லை.