கிழக்கு கேலரி, ஆறாவது வரிசை

சீசன் சீட்டு எண்ணூறு ரூபாய்.
தீப்பெட்டி ஆபீஸில் போனஸ் போட்ட அன்றே வாங்கிவிட்டேன்.
கோவில்பட்டியில் நடக்கிற ஏழு ஆட்டத்துக்கும்
எனக்கென்று ஒன்றரை அடி சிமெண்டு,
அதில் வெள்ளைப் பெயிண்டில் 61.
வெயில் குடித்த சிமெண்டு;
துண்டை நாலாய் மடித்துப் போட்டால்தான் உட்கார முடியும்.

62 லூர்துமேரி டீச்சர்.
நடுவரை வைவதற்கென்றே தனிக் குரல் ஒன்று வைத்திருக்கிறாள்.
பள்ளிக்கூடத்தில் அதை யாரும் கேட்டதில்லையாம்.
60 எப்போதும் காலி.
யாரோ காசு கொடுத்து வாங்கிவிட்டு வராமலே இருக்கிறார்.
என் பையை அங்கே வைப்பேன்.

ஆட்டத்துக்கு முன்னால் தரைக்குத் தண்ணீர் விடுவார்கள்.
நீலத் தரை. நாலு மூலையிலிருந்தும் பீச்சியடிக்கும்,
சாயங்கால வெயிலில் ஒரு துண்டு வானவில்கூட விழும்.
எங்கள் தெருவுக்கு ஒன்பது நாளைக்கு ஒருதரம் குழாய்.
முதல் ஆட்டத்தன்று கண்ணை மூடிக்கொண்டேன்.
மூன்றாவது ஆட்டத்தில் மூடவில்லை.
காய்ந்த தரையில் விழுந்தால் முழங்கால் தோல் உரியும்,
பந்து எகிறி மூஞ்சிக்கு வரும் என்றாள் டீச்சர்.
சரி என்றேன். வேறென்ன சொல்ல.

தம்பி சுடலைமணி வின்னிபெக்கில் இருக்கிறான்.
அவனுக்கும் ஒரு சீட்டு, ஒரு நம்பர்.
அங்கே ராத்திரி ஏழு, இங்கே விடிந்து ஆறரை.
நான் குடத்தை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே
போனில் பார்ப்பேன்:
பனிக்கட்டித் தரை, காலில் கத்தி கட்டிய ஆட்கள்,
அடிபட்டு ஓடும் கருப்பட்டிச் சில்லு போல ஒரு கறுப்பு வட்டு.
"இதுவும் ஹாக்கியால?"
"இதுவும்தாங்கா."
இடைவேளையில் ஒரு வண்டி ஊர்ந்து வந்து
வெந்நீர் தெளித்துவிட்டுப் போகும்.
"ஐஸுக்கு எதுக்குல வெந்நீரு?"
பக்கத்து சீட்டுக்காரியிடம் கேட்டான். அவள் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள்.
அவன் எனக்குத் திருப்பிச் சொல்வதற்குள்
குடம் வழிந்துவிட்டது.
அவன் அணி இந்த வருஷம் தோற்றுக்கொண்டே இருக்கிறது.
"ஏம்ல காசக் கரைக்க?"
"சொந்த ஊரு மேட்சுல்லா" என்றான்.
எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை.

நேற்று ஏழாவது ஆட்டம்.
மோட்டார் பழுது. தரை காய்ந்து கிடந்தது.
அரைமணி, முக்கால் மணி. கூட்டம் சீட்டியடித்தது.
அப்புறம் தெற்கு வாசலைத் திறந்தார்கள்,
ஒரு தண்ணீர் லாரி உள்ளே வந்தது.
பச்சை முகப்பு, இடது கண்ணாடிக்குப் பதில் அட்டை,
"கழுகுமலை முருகன் துணை".
எங்கள் தெரு லாரி.
ஐந்தரைக்கு வாகைமரத்தடியில் நிற்க வேண்டியது.
அங்கே வரிசையில் காளீஸ்வரி வீட்டுக் குடம் இருந்தது,
பேச்சித்தாய் வீட்டுக் குடம் இருந்தது,
என்னுடையது மூன்று.

கூட்டம் கைதட்டியது.
நானும் தட்டினேன்.
தட்டி முடித்த பிறகுதான் கையைப் பார்த்தேன்.

கடைசி நாலு நிமிஷத்தில் பெனால்டி கார்னர்.
வெயிலுமுத்து தள்ளிவிட்டான், சவரிராஜ் அடித்தான்.
ஈரத்தில் வழுக்கிப் போன பந்து
கோல் பலகையில் மோதிய அந்த "டக்"
அதுக்குத்தான் எண்ணூறு ரூபாய்.
எழுந்து நின்று கத்தினதில்
60-இல் இருந்த பை சரிந்து
தண்ணீர் பாட்டில் படிபடியாய் உருண்டு போனது.

தெருவுக்கு வந்தபோது குடங்கள் அதே வரிசையில்.
காளீஸ்வரி மட்டும் நின்றாள்.
"செயிச்சாச்சா?"
"ரெண்டுக்கு ஒண்ணு."
"லாரி வரல."
தெரியும் என்று வாய்வரை வந்தது.
"யாரு போட்டா, வெயிலுமுத்தா?"
"அவன் தள்ளிவிட்டான். அடிச்சது சவரிராஜ்."
"அதான பாத்தேன்."
தன் காலிக் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு
அதன் மேல் உட்கார்ந்தாள்.
"மொதல்லருந்து சொல்லு."

லாரி உள்ளே வந்ததிலிருந்து
சொல்ல ஆரம்பித்தேன்.