மீதி பூச்சியம்

முதல் இரவு எழுதிய நிரல்
ஏழு முதன்மை எண் இல்லை என்றது.
பதினொன்றும் இல்லை. பதின்மூன்றும் இல்லை.
ஒவ்வொன்றையும் அதனாலேயே வகுத்துவிட்டு
மீதி பூச்சியம், பிடித்தேன் என்று நின்றது.
தன்னால் தான் வகுபடுவது குற்றமில்லை
என்று அதற்குச் சொல்லிக்கொடுக்க
எனக்கு இரண்டு நாள் போனது.

பகலில் கெய்சர் வீதியில் காசாளர் நான்.
மீற்றர் கணக்கில் துணி, லாச்சி நிறைய மிச்சக்காசு.
101இல் நசிபட்டுப் போவேன்.
கோட்டையில் 103 குறுக்கே திரும்பும்.
நடுவில் ஒரே ஒரு எண்ணை விட்டு
ஒட்டாமல் ஓடுகிற சோடி.

எங்கள் பள்ளிக்கூடத்தில் முதன்மை எண்.
சென்னையில் அச்சான புத்தகத்தில் பகா எண்.
இரண்டாவதுதான் பிடித்தது.
பகு, பகுதி, பங்கு, பகை
எல்லாம் ஒரே வேர்.
அந்த வேரின் நுனியில் ஓர் ஆவன்னாவைச் செருகி
மாட்டேன் என்று நிற்கிறது சொல்.

அதே புத்தகத்தில் குறுக்குவழியும் இருந்தது:
சின்ன எண்ணொன்றை அடுக்கேற்றி வகுத்துப் பார்,
மீதி ஒன்று வந்தால்
பகா எண்ணாக இருக்கலாம்.
இருக்கலாம். அந்தச் சொல்லைத் தாண்டிப் படித்துவிட்டேன்.
561ஐ இரண்டை வைத்துக் கேட்டேன். ஒன்று.
ஐந்தை வைத்து. ஒன்று.
ஏழை வைத்து. ஒன்று.
முகம் மாறாமல் சொன்னது.
உள்ளே மூன்று, பதினொன்று, பதினேழு.

ஒரு காலம் சோதனைச் சாவடியில்
என் அட்டையை டோர்ச் வெளிச்சத்தில் பிடித்து
இலக்கம் இலக்கமாய் வாசித்தார் ஒருவர்.
எங்கிருந்து. ஏன். எத்தனை நாள்.
கேட்டதற்கெல்லாம் சரியான விடையே சொன்னேன்.
இருக்கலாம் என்ற முகத்தோடு
அட்டையைத் திருப்பித் தந்தார்.
அதனால் 561ஐத் திட்ட மனம் வரவில்லை.
குறுக்குவழியை மட்டும் அழித்தேன்.

மின்வெட்டு மாதம்.
37ஆம் ஒழுங்கை முழுக்க இருட்டு.
கடலோரம் ரயில் மட்டும்
ஜன்னல் ஜன்னலாய் வெளிச்சத்தை இழுத்துப் போனது.
மடிக்கணினியில் நாற்பத்தொரு வீதம் சார்ஜ்.
என் அடையாள அட்டை எண்ணைக் கொடுத்தேன்.
முழுதாய் இங்கே எழுத மாட்டேன்.
85 பிறந்த வருஷம், அடுத்தது பிறந்த நாள்,
பெண் என்பதால் அந்த நாளில் ஐந்நூறு கூடுதல்
(யார் கேட்டது அந்த ஐந்நூறை).
இரண்டிலிருந்து ஒவ்வொன்றாய்
எண்பத்தைந்து கோடிப் படி.
விசிறி இரைந்தது. முப்பத்தெட்டு. முப்பத்தாறு.

அறையில் பஸ்மினா மெழுகுதிரி வெளிச்சத்தில்
போர்வை மடித்துக்கொண்டிருந்தாள், கரையோடு கரை வைத்து.
சார்ஜ் அளவைப் பார்த்தேன். முப்பத்தாறு.
இரண்டும் பதினெட்டும். மூன்றும் பன்னிரண்டும்.
நான்கும் ஒன்பதும்.
ஆறு மட்டும் தன்மேல் தானே மடிந்து.
மடிப்புக்கு அப்பால் இருப்பதெல்லாம்
இப்பால் தொட்டுவிட்டதன் மறுகரை!
நிறுத்தினேன். வர்க்கமூலம் வரை போனால் போதும்.
எண்பத்தைந்து கோடி
இருபத்தொன்பதாயிரமாய்ச் சுருங்கியது.
முதல் வகுத்தி கண்டால் சொல், அங்கேயே நில்
என்று இன்னொரு வரி சேர்த்து
விசையை அழுத்தி விரலை எடுக்கவில்லை,
விடை வந்துவிட்டது.

3.

விரல் விட்டு இலக்கங்களைக் கூட்டினேன். முப்பத்தொன்பது.
நாளெல்லாம் காசு எண்ணுகிறவள்,
இத்தனை வருஷம் கைப்பையில் சுமந்திருக்கிறேன்.
டோர்ச்காரரும் ஒவ்வொன்றாய்த்தான் வாசித்தார்.
இரண்டு பேருக்கும் கூட்டத் தோன்றவில்லை.

"இதுக்கா இவ்வளவு சார்ஜையும் தின்ட?"
சிரித்தாள் பஸ்மினா.
பிறகு போர்வையைப் போட்டுவிட்டு
தன் அட்டையோடு திரிக்குப் பக்கத்தில் வந்து குந்தினாள்.
"என்டதையும் போடு."
அவள் இலக்கம் இலக்கமாய் வாசிக்க
நான் தட்டாமல் கூட்டிக்கொண்டே வந்தேன்.
நாற்பத்தேழு. மூன்று இல்லை.
கடைசி ஏழு. இரண்டும் ஐந்தும் இல்லை.

இனி ஓடட்டும்.