செவ்வாய்க்கிழமை நகல்

வெள்ளி இரவு சர்வர் விழுந்தது.
தேங்காப்பட்டணம் படகுச் சங்கத்தின் இணையதளம்
இருந்த இடத்தில் வெள்ளைப் பக்கம்,
ஒற்றை வரிப் பிழை.

கைவசம் இருந்தது செவ்வாய்க்கிழமை நகல்தான்.
டிஸ்க் நிறைந்துவிட்டது என்று வந்த மின்னஞ்சலைத்
திறக்காமல் விட்டவன் நான்.

விடிகாலை மூன்றரைக்கு ஏற்றி முடித்தேன்.
நூறு சதவீதம். பச்சை.
புதனும் வியாழனும் கரையேறிய விசைப்படகெல்லாம்
திரும்பக் கடலுக்குப் போயின.

ஆறு மணிக்கு இனயத்திலிருந்து போன்:
"தம்பி, எனக்க மாப்பிள
இஞ்ச பாயில கெடந்து ஒறங்குதாரு.
ஒனக்க கம்ப்யூட்டரில மட்டும்
எப்பிடி கடலில நிக்குதாரு?"
சிரித்துவிட்டோம் இரண்டு பேரும்.

ஏலக்கூடத்தில் டெல்பினிடம் நோட்டை வாங்கினேன்.
செதில் ஒட்டிய தாள்கள், கசிந்த நீலப்பேனா.
ஒவ்வொன்றாய்க் கரைக்கு இழுத்தேன்:
பெயர், எண், வந்த நேரம், சேமி.
பெயர், எண், வந்த நேரம், சேமி.
ஒரு இடத்தில் அவன் எழுதிய ஏழு
ஒன்றா என்று கேட்க
ஐஸ் லாரி வரை நடந்தேன்.

முப்பத்தொன்றோடு நோட்டு முடிந்தது.
திரையில் இன்னொரு வரி:
சகாய தீபம். பதினொரு பேர். நிலை: கடலில்.

இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்தேன்.
டெல்பின் என்னைப் பார்க்கவில்லை.

அதில் திருத்த ஒன்றுமில்லை.
அந்த வரியில் மட்டும்
செவ்வாய்க்கிழமை இன்னும் முடியவில்லை.