நூலளவு

புதுக்கடையில் என் மேசைக்கு ஒரு கால் குட்டை.
அதற்கு அண்டையாகப் பழைய வர்த்தமானி ஒன்றை
மடித்து வைத்திருக்கிறேன்.
அதன் மேல் நின்றுதான் சட்டங்கள் மொழி மாறுகின்றன.

இன்றைக்கு வந்திருப்பது சுடுகலன் படிவம்.
கட்டைக் குழல் என்றால் எவ்வளவு கட்டை,
எந்த முனையிலிருந்து எந்த முனைக்கு,
கழற்றக்கூடிய துண்டு கணக்கில் சேருமா சேராதா,
ஐந்தாம் பந்தி வரை மூச்சுவிடாமல் பெயர்த்தேன்.
ஆறாவதில் நின்றேன்.

வெடியின் சத்தத்தை விழுங்கும் அந்தக் குப்பிக்கு
என்ன சொல் போடுவது?
சைலன்சர் என்றால் ஓட்டோக்கார குசைன் சிரிப்பார்,
அவர் தன்னுடையதைக் கழற்றிவிட்டு ஓடுகிறவர்.
ஒலியடக்கி என்று அடித்தேன். அழித்தேன்.
அடக்கம் என்றால் எங்கள் கொட்டாஞ்சேனையில்
மாலை நாலரைக்கு, பூ கொண்டுவர வேண்டாம்.
சத்தத்தைப் பெட்டியில் கிடத்தி
ஆணி அறைந்த மாதிரி இருந்தது.
அப்படியென்றால் அதுதான் சொல்.
மறுபடி அடித்தேன்.

படிவத்தில் துப்பாக்கி, சட்டத்தில் சுடுகலன்,
வீட்டில் துவக்கு.
அம்மாவுக்கு அந்தக் கடைசிச் சொல் ஆகாது.
அமைச்சர் விழாவைத் துவக்கி வைப்பார் என்று
ஒலிபெருக்கியில் கேட்டாலும்
எழுந்துபோய் யன்னலைச் சாத்துவாள்.

பதினொன்றரைக்கு பெலிக்ஸ் கசிச்செட்டி வந்தார்.
மைத்துனர் செத்து,
சிலாபத்துத் தென்னந்தோட்டமும்
பன்றிக்கு வைத்திருந்த துவக்கும் இவர் தலையில்.
சாமானை இங்கே கொண்டுவரக் கூடாது என்று தெரிந்தவர்.
குடைக்கம்பியைக் குழலுக்குள் விட்டு
அடி முட்டிய இடத்தில் நகத்தால் பிடித்து
அந்த அளவுக்கு ஒரு நூல் வெட்டியிருந்தார்.
சட்டைப் பையிலிருந்து எடுத்தார்,
லாண்டரி ரசீதில் சுற்றிய வெள்ளை நூல்.

அடுத்த கடை முத்தலிபு மாஸ்டரிடம்
(சட்டத்தரணிகளுக்குக் கறுப்பு அங்கி தைப்பவர்)
நாடாவை இரவல் வாங்கினேன்.
பழைய அனுமதிப்பத்திரத்தில் முப்பது அங்குலம்.
நூல் பதினேழில் முடிந்துவிட்டது.

“வாய்ப்பக்கம் துருப்பிடிச்சதாம் மிஸ்.
அரிஞ்சு விட்டிருக்கிறான்.”
பதின்மூன்று அங்குலத் துருவா என்று நான் கேட்கவில்லை.
இரண்டு கையாலும் நூலைப் பிடித்து
மெல்ல இழுத்தார்.
பதினேழே கால்.
முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம்.
விட்டதும் சுருங்கிற்று.

“பழைய அளவையே போடுங்களேன், யார் பார்க்கப் போறது?”

முப்பது என்று அவர் வாயால் சொல்லியிருந்தால்
முப்பது என்று பெயர்த்திருப்பேன்.
பொய்யையும் உள்ளபடி பெயர்ப்பதாகத்தான்
சத்தியம் செய்து முத்திரை வாங்கியிருக்கிறேன்.
இப்போது அளந்தவள் நான்.
நாடாவை வாங்கியிருக்கக் கூடாது.

அடுத்த கேள்விக்குப் போனேன்.
ஒலியடக்கி உண்டா?
அதென்ன என்றார்.
சுட்டால் பக்கத்து வளவுக்குக் கேட்காது என்றேன்.
“பன்றிக்கு எதுக்கு மிஸ் அதெல்லாம்”
என்று தொடங்கியவர்
பாதியில் நிறுத்தினார்.
விசிறி மூன்று முறை திரும்பி எங்களைப் பார்த்தது.

அவன் வீட்டு அலுமாரியில்
தகரத்தில் குழாய்போல ஏதோ ஒன்று கிடந்ததாம்.
பம்பு சாமான் என்று நினைத்தாராம்.

“பதிஞ்சால் பிடிப்பாங்களா,
பதியாட்டிப் பிடிப்பாங்களா?”
அந்தக் கேள்வி எந்த மொழிப் பிரதியிலும் இல்லை.
நூலை விரலில் சுற்றினார்,
நுனி வெளுக்கும் வரை சுற்றினார்.
சத்தியக்கடதாசிக்கு நாளைக்கு வாறன் என்று
குடையை மறந்துவிட்டுப் போனார்.
மூன்றாம் கம்பி அதில் இல்லை.

நீளம் என்ற கட்டம் வெறுமையாக இருக்கிறது.
உண்டு, இல்லை என்ற இரண்டையும்
நான் இன்னும் வெட்டவில்லை.

மாஸ்டர் நாடா கேட்டுக் கத்துகிறார்.
கொண்டுபோய்க் கொடுத்தேன்.
நேற்றுச் சத்தியம் எடுத்த பெடியன் ஒருவன்
கண்ணாடி முன் நிமிர்ந்து நிற்க,
அதே நாடாவை
அவன் கழுத்தில் சுற்றி
பதினைந்தரை என்றார்.