கவிழ்த்து வைத்த துரும்பு

லிந்துலையில் கரண்ட் போன ஞாயிறு.
பிஸ்கட் பெட்டிமேல் முந்நூற்றி நாலு ஆட
ஓர் ஆள் குறைந்தது.
காணிக்கை வந்து உட்கார்ந்தாள்.

"ராஜாவுக்கு மூணுதான், ஜாக்கிக்கு முப்பது.
ஒன்பது, ஏஸை அடிக்கும்.
ஏன்னு கேட்கக் கூடாது."

"கொழுந்து ஒரு கிலோ குறைஞ்சா அரைப்பேர்.
அதுக்கும் ஏன் கிடையாது."

எழுபது என்று கேட்டாள்.
ஒரு சீட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

மருதை இருபது வருஷம் ஆடியவன்.
அவள் கண்ணைப் பார்த்தான், உதட்டைப் பார்த்தான்,
கிளாவர் என்று முணுமுணுத்தான்,
கையிலிருந்த ஜாக்கியை இறக்கப் பயந்து
கடைசிப் பிடிவரை வியர்த்தான்,
அந்தக் குளிரில்.

திருப்பினோம்.
இஸ்கோப்பன் ஏழு.
எங்களைவிட அவள்தான் திகைத்தாள்.

"வச்சதுமே மறந்துட்டேன்.
எடுத்துப் பார்க்கலாம்னு
ஒருத்தரும் சொல்லலியே."