மூச்சைப் பிடிங்க

வாரத்தில் ஆறு நாள் எனக்கு ஒரே வசனம்:
மூச்சை இழுங்க. பிடிங்க. அசையாதீங்க.
சுவருக்கு இந்தப் பக்கம் வந்து பொத்தானை அழுத்தியதும்
விடுங்க.
சேலம் பெரியாஸ்பத்திரி, எக்ஸ்ரே அறை.
செவ்வாய்ப்பேட்டையில் மூட்டை தூக்குகிறவரின் விலா,
வெள்ளைக்கல் தூள் குடித்த நுரையீரல்,
ஸ்கூட்டியிலிருந்து விழுந்த கல்லூரிப் பெண்ணின் காறை எலும்பு.
இந்த ஊரில் பாதிப் பேர்
ஒரு நொடியாவது எனக்காக மூச்சை நிறுத்தியவர்கள்.

ஏழாம் நாள் மலை.

அஸ்தம்பட்டியில் பஸ் ஏறி,
இருபது கொண்டை ஊசியையும் சம்பந்தம் சத்தமாக எண்ண,
நாகலூர் தாண்டி ஒற்றையடித் தடத்தில் ஐந்து பேர்.
சம்பந்தத்தின் கடிகாரத்துக்குப் பத்தாயிரம் காலடி வேண்டும்.
எனக்குப் பத்தடிக்கு ஒரு செடி.
அரை மணியில் அவர்கள் வெறும் குரலானார்கள்,
சில்வர் ஓக் மரங்களுக்கு அப்பால்.
அப்புறம் அதுவும் இல்லை.

காந்தள் புதர்மேல் ஏறி நின்று கூப்பிட்டது.
எடுக்கவில்லை. காலண்டர்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்.
உண்ணிச்செடியையும் எடுக்கவில்லை;
அது கேட்காமலே எல்லாப் படத்தின் மூலையிலும் வந்துவிடும்.

நான் தேடியது அழுகண்ணி.

நீர் கசியும் செம்மண் சரிவில் இருந்தது.
சாண் உயரம்கூட இல்லை.
சிவந்த நூல் நூலாய் இலை,
ஒவ்வொரு மயிர் நுனியிலும் ஒரு சொட்டு.
அழுகை என்று பேர் வைத்தவர்
கிட்ட வந்து பார்த்திருக்கமாட்டார்.
அது பசி.
கொசு ஒன்று மாட்டியிருந்தது,
கால் இரண்டு ஒட்டி, நான்கு மிச்சம்.
அதற்கு மேலே, ஒன்றும் தெரியாததுபோல்
நகக்கண் அளவில் ஓர் ஊதாப் பூ.

குப்புறப் படுத்தேன். சட்டை நனைந்தது.
மூச்சை இழுத்துப் பிடித்தேன்.
பூ பிடிக்கவில்லை.
காற்றுக்கு நான் யார்? அதற்கு டோக்கன் நம்பர் கிடையாது.
பதினேழு படம். பதினேழும் புகை.

"என்னத்தத் தொலைச்ச?"

தலைக்கு மேல் ஒரு புல்லுக்கட்டு,
அதன் அடியில் என் வயதுப் பெண்.
தொலைக்கவில்லை, படம் எடுக்கிறேன் என்றேன்.
இதுக்கு இங்கே என்ன பேரு?
"பேரா? மாடு திங்காது.
திங்காததுக்கு எதுக்குப் பேரு?"

போய்விடுவாள் என்று நினைத்தேன்.
கட்டை இறக்கி, காற்று வரும் பக்கமாய் வைத்து,
போதாதென்று தானும் பக்கத்தில் குந்தினாள்.
"வெரசா எடு. பால் வண்டி வந்துரும்."

காற்று அவள் முதுகில் மோதி நின்றது.
அசையாதீங்க, என்றேன். பழக்கம்.
பூ நின்றது.
கொசுவின் மூன்றாவது கால் ஒட்டியது.
அழுத்தினேன்.

திரையில் பார்த்தாள்.
"இத்தினியூண்டு இருந்துக்கிட்டு என்னா திமிரு!"
பிறகு, என்னையும் ஒண்ணு எடு என்று
கட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு
ஆதார் கார்டுக்கு நிற்பதுபோல் நின்றாள்.
நம்பர் சொன்னாள். ராமாயி என்று போட்டுக்கொண்டேன்.
மேட்டுக்கு ஏறினால்தான் டவர், சந்தைக்குப் போற நாள்தான் ஏறுவேன், என்றாள்.

கோரிமேடு இறங்கும்போதுதான் உறைத்தது:
நான் அசையாதீங்க என்றதும்
அவளும் மூச்சைப் பிடித்திருந்தாள்.
விடுங்க என்று நான் சொல்லவில்லை.
என்னைக் கேட்டா விட்டிருப்பாள்,
இருந்தாலும்.

இரவு, படத்தைப் பெரிதாக்கினேன்.
பதினெட்டாவது மட்டும் கூர்மை.
இன்னும் பெரிதாக்கினேன்.
ஒவ்வொரு சொட்டுக்குள்ளும் தலைகீழாக
ஒரு மலைச்சரிவு, துளி வானம்,
கடுகளவு புல்லுக்கட்டு,
அதன் பக்கத்தில் குந்தியிருக்கும் ஒரு புள்ளி.
எண்ணினேன். நாற்பத்தொரு ராமாயி.

அவள் படத்தையும் பூவையும் சேர்த்து அனுப்பினேன்.
பூவுக்குக் கீழே, மாடு திங்காதது, என்று எழுதி.

இன்றைக்கு வியாழன்.
இன்னும் ஒற்றை டிக்.